ஓடினால் எடை குறையுமா? எனக்கு மூச்சுதான் வாங்குகிறது

மூச்சுவாங்கி

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 90 கிலோ. ஒரு மாதத்துக்கும் மேலாக வாரத்தில் நாலைந்து நாள் டிரெட்மில்லில் ஓடுகிறேன். அரை மணி நேரம், 4 கிலோமீட்டர். ஆரம்பத்தில் சாப்பாட்டையும் நன்றாகக் குறைத்திருந்தேன். சட்டென்று இரண்டு கிலோ இறங்கியது, ஒரே குஷி. அதற்கப்புறம் எடை மெஷின் அசையவே மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு முறையும் டிரெட்மில் திரையில் 450 கலோரி என்று வருகிறது. அவ்வளவும் எங்கே போகிறது? ஆபீஸில் ஒருவர், "ஓடாதே, முட்டி போய்விடும், நடந்தாலே போதும்" என்கிறார். இன்னொருவர் ஓட்டமே வீண், வெயிட் தூக்கு என்கிறார். இதற்கு நடுவில் வலது கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பை ஒட்டி ஒரு வலி வேறு. தொடரலாமா, விட்டுவிடலாமா?

கிழட்டுக்கால்

தம்பி, விடவேண்டாம். ஆனால் அந்தத் திரையை நம்புவதை முதலில் விடுங்கள்.

ஓட்டத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் தூரம் ஒன்றென்றால் செலவு பெரிதாக மாறாது. உங்களுக்கு 90 × 4 = 360. அந்த அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே 45 கலோரி செலவாகியிருக்கும், அதையும் கழித்தால் மிச்சம் 315. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. வகுத்துப் பாருங்கள். சாப்பாட்டில் எதுவும் மாறாமல் ஓட்டத்தால் மட்டும் ஒரு கிலோ இறங்க ஐந்தாறு வாரம் ஆகும். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

முதலில் போன இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தக் கையிருப்பு கரைந்து தண்ணீரும் கூடவே வெளியேறும். அப்புறம் பழகாத தசைகள் ஓடி ஓடி வீங்கித் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தாலும் எடை மெஷினில் தெரியாது. ஆகவே முதல் மாத எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, பலருக்குப் பிடிக்காது. ஹெர்மன் பான்ட்ஸர் என்கிற ஆய்வாளரின் குழு தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை அளந்து 2012இல் கட்டுரை வெளியிட்டது. நாள் முழுக்க நடக்கிறவர்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்களுடைய ஒருநாள் கலோரிச் செலவு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேற்கத்தியர்களுடையதைவிட அதிகமில்லை. ஒரு பக்கம் செலவு கூடினால் இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொள்ளும் குடும்பம் மாதிரிதான் உடம்பும். காலையில் ஓடிவிட்டு, மாலையில் மாடிப்படியைப் பார்த்ததும் லிஃப்ட் பக்கம் போகிறோமே, அதுவும் இதில் சேர்த்தி.

அப்படியானால் எதற்கு ஓடவேண்டும்? குறைத்த எடை திரும்பாமல் இருப்பதற்கு. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதைத் தக்கவைத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலானவர்கள் சாப்பாட்டையும் மாற்றியிருக்கிறார்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் போல உடலையும் அசைக்கிறார்கள். உடற்பயிற்சியை மட்டும் நம்பிக் குறைத்தவர்கள் அதில் மிகச் சொற்பம்.

நடையா ஓட்டமா என்றால், ஆயிரக்கணக்கான ஓட்டக்காரர்களையும் நடப்பவர்களையும் ஆறு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. ஒரே அளவு சக்தியைச் செலவழித்தாலும் ஓடியவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, கனத்த உடல்காரர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. நடையைக் குறை சொல்லவில்லை. நேரம் இருந்தால் நடையும் உதவும், கடிகாரம்தான் கூட ஓடும்.

கேட்க மறந்துவிட்டேன். டிரெட்மில்லின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டா ஓடுகிறீர்கள்? இறங்கியதும் உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்த கோடு விழுந்திருந்தால் உங்கள் எடையில் ஒரு பங்கைக் கம்பி சுமந்திருக்கிறது என்று அர்த்தம். திரைக்கு அது தெரியாது, முழுக் கணக்கையே காட்டும்.

பிசியோ_அக்கா

மேலே சொன்ன கணக்கு சரி. நான் வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தொழில்.

உட்கார்ந்து காலை நீட்டி, முன் எலும்பின் உள் ஓரத்தை விரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். பழகாத உடம்பு திடீரென்று அதிகம் ஓடினால் வருவது. ஓட்டத்தைக் குறைத்தால் ஆறிவிடும். ஒரு விரல்நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதன் மேல் ஓடினால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 90 கிலோவுக்கு அதைக் கணக்குப் போட்டால் ஏன் மெதுவாகக் கூட்டச் சொல்கிறோம் என்று புரியும். மற்றபடி "முட்டி போய்விடும்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் அந்த ரகம் இல்லை, கவலைப்படாதீர்கள்.

இரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால், வலி ஆறட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரும்புக்கை

வெயிட் தூக்கச் சொன்ன நண்பருக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் பாதி ஓட்டுதான். சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். தசை போகாமல் பிடித்து வைக்க எடைப் பயிற்சி வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டியில் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது, கூடவே 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. ஓட்டத்தை நிறுத்து என்று அதில் எங்கேயும் இல்லை, ப்ரோ. ஓடாத நாளில் குந்துகை, தண்டால், கெண்டைக்கால் உயர்த்துதல் செய்தால் அக்கா சொன்ன வலியும் சீக்கிரம் வழிக்கு வரும்.

மூச்சுவாங்கி

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், பரவலாகத்தான் வலிக்கிறது. உள்ளங்கையில் கோடும் இருக்கிறது 😀 கடைசியாக ஒன்று: வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு நேரடியாகக் கரையும் என்கிறார்களே, உண்மையா?

கிழட்டுக்கால்

ஓடுகிற அந்த நேரத்தில் கொழுப்பின் பங்கு கூடும், உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அந்த லாபம் நிற்பதில்லை. 2014இல் இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வெறும் வயிற்றிலும் இன்னொன்றைச் சாப்பிட்ட பிறகும் நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரே அளவு சாப்பாடு. இரண்டு குழுவுக்கும் எடை ஒன்றுபோலவே குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் பார்த்த வரையில் ஒத்துப்போகிறது. எது வயிற்றுக்குச் சுகமோ அப்படி ஓடுங்கள்.

இப்போதைக்கு வலி ஆறும்வரை நடை மட்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், வாரம் மூன்று நாள். ஓடிப் பழகாதவரை 5 கிலோமீட்டர் ஓடவைக்க 1996இல் ஜோஷ் கிளார்க் போட்ட 'கவுச் டு 5கே' திட்டத்தின் முதல் வாரம் இதுதான், பிறகு சிறுகச் சிறுகக் கூடும். ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியம் பேச வரவேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் வேகம் அதிகம். மணிக்கு 8 கிலோமீட்டர் இப்போது உங்களுக்கு அதிகம் என்றுதான் நினைக்கிறேன், 6.5க்கு இறக்குங்கள். கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எடையைத் தினமும் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் குறித்து வையுங்கள், தொப்புளைச் சுற்றி நாடா வைத்து மாதம் ஒருமுறை அளங்கள். அடுத்த மாத அளவை இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.