அம்மாவின் கால் வீக்கத்திற்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 62. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சில வாரங்களாக மாலையானால் அவருடைய இரண்டு பாதங்களும் வீங்கிவிடுகின்றன. செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறைவதில்லை. விடிந்து எழும்போது பெரும்பாலும் வற்றிவிடுகிறது. அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அழுத்தத்திற்குச் சாப்பிட்டுவந்த அம்லோடிபின் மாத்திரையை அண்மையில் 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக உயர்த்தியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, கல்லுப்பு போட்ட வெந்நீரில் கால்களை வைக்கச் சொல்கிறார். மாமா, தைலம் தேய்த்து நன்றாக உருவிவிட்டால் போதும் என்கிறார். நீர்முள்ளிக் குடிநீர் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அம்மாவோ குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கணப்புச் சட்டியின் அருகிலேயே கால்களை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார். இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

வணக்கம். வீக்கத்தைக் குறைக்கும் வழிக்குப் போகுமுன், அது எந்த வகை வீக்கம் என்று பார்த்துவிடுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். பிறகு தையல் நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழிறங்கி, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைச் சதை வலித்தாலோ, காலின் ஆழத்திலுள்ள சிரையில் (இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயில்) இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்த நிலையில் உருவிவிடுவது ஆபத்து. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அதனால்தான் காரணம் தெரியாத வீக்கத்தில் தைலம் போட்டு உருவுவதை நான் எப்போதும் தடுப்பேன்.

கணப்புச் சட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சர்க்கரை நோய் நெடுநாள் இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கலாம். சூடு உறைக்காமல் தோல் வெந்து கொப்புளமான பிறகே அவர்களுக்குத் தெரியவரும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம். சிலருக்கு விரலையே எடுக்கவும் நேர்கிறது. வெந்நீரில் கால்களை ஊறவைப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். வெப்பம் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் வீக்கம் கூடவும் வாய்ப்புண்டு. குளிருக்கு இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும். மேல்விளிம்பு தடம் பதிக்கும் அளவுக்கு இறுகக்கூடாது.

செய்ய வேண்டியது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால்களை வைத்தால் போதாது. அம்மா படுத்துக்கொண்டு, பாதங்கள் நெஞ்சு மட்டத்திற்கு மேலே இருக்கும்படி தலையணைகளை அடுக்கி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது, பகலில் மூன்று நான்கு முறை வைத்திருக்க வேண்டும். படுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கினால் இதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அது இதயம் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உப்பு ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றோடு மாலைத் தேநீருடன் சாப்பிடும் வர்க்கியிலும் உப்பு இருப்பதை நினைவில் வையுங்கள். இரவில் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளில் வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வீங்கிய காலில் சிறு வெடிப்பின் வழியாகவும் கிருமி புகுந்துவிடும்.

பதில் 2 (கூடலூர், மருந்தாளுநர்)

மாத்திரையின் அளவு கூடிய பிறகு வீக்கம் வந்திருப்பதால் என் ஐயம் முதலில் அம்லோடிபின் மீதுதான் செல்கிறது. அந்த மருந்து சிறு தமனிகளை (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்களை) விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. ஆகவே நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து, நாள் முழுவதும் தொங்கும் பாதத்தில் தேங்குகிறது. 5 மில்லிகிராமில் இல்லாதவர்களுக்கும் 10 மில்லிகிராமில் இது தோன்றுவதுண்டு. இது உடம்பில் நீர் மிகுந்ததால் வரும் வீக்கம் அல்ல என்பதால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் அதிகம் பயனிருக்காது. மருத்துவர் அளவைக் குறைப்பார், வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் எகிறினால் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும்.

அம்மா மூட்டு வலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஒருசேரக் கூட்டும், சிறுநீரகத்திற்கும் நல்லதல்ல. நம் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் விண்டர்கிரீன் தைலத்தில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாராளமாகப் பூசக்கூடாது.

நீர்முள்ளி சித்த மருத்துவத்தில் வீக்கத்திற்கு வழங்கும் மருந்துதான். ஆனாலும் சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவருக்குச் சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் கொடுப்பது சரியல்ல. சித்த மருத்துவரிடம் இப்போது சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டிக் கேட்ட பிறகே கொடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அழுத்திப் பார்த்தேன், இரண்டு கால்களிலும் ஒரே அளவில் குழி விழுகிறது. கெண்டைக்காலின் சுற்றளவில் வேறுபாடு இல்லை. மூச்சு வாங்கவில்லை, காய்ச்சலும் இல்லை. மூட்டு வலிக்கு அவ்வப்போது கடை மாத்திரை சாப்பிட்டதாக அம்மா இப்போதுதான் சொன்னார். கடையில் கிடைக்கும் பட்டைத் துணியைக் கணுக்காலில் இறுகக் கட்டலாமா?

பதில் 3 (கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்)

இப்போது கட்ட வேண்டாம். கணுக்காலில் மட்டும் இறுக்கினால் அதற்குக் கீழே வீக்கம் கூடும். மேலும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலின் தமனிகளில் அடைப்பு இருக்கக்கூடும். பாதத்தின் நாடித்துடிப்பைச் சோதித்த பிறகே அழுத்தக் காலுறை தரலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அதுவரை, உட்கார்ந்திருக்கும்போது மணிக்கொரு முறை பாதத்தை முன்னும் பின்னும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள். கெண்டைச் சதை சுருங்கி விரியும்போதுதான் தேங்கிய இரத்தம் மேலேறும். சமதளத்தில் மெதுவாக நடப்பதும் நல்லது. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதைத் தவிர்க்கட்டும்.

பதில் 4 (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நள்ளிரவில் வண்டி பிடித்து ஓட வேண்டிய நிலை இல்லை. ஆயினும் இந்த வாரத்திற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் கையில் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்றும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்றும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். விடியற்காலையில் முகமோ கண்ணிமையோ உப்பியிருந்தாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் அதையும் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கு வருவதாயிருந்தால் அவரிடம் அழுத்தத்தை அளந்து குறித்துத் தரச் சொல்லி, அந்தக் குறிப்பையும் எடுத்துச்செல்லலாம். இடையில் கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108 அழைத்துவிடுங்கள்.