லிட்பார்ஸ்கி ஏன் பெரிய கிளப் எதற்கும் பயிற்சியாளர் ஆகவில்லை?

மைதானவாசி:
நேற்று ராத்திரி 1982 உலகக் கோப்பை அரையிறுதியை, செவில்லாவில் நடந்த மேற்கு ஜெர்மனி - பிரான்ஸ் ஆட்டத்தை, முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் கோல் அடித்த அந்த வளைந்த கால் விங்கர் பியர் லிட்பார்ஸ்கி மனசை விட்டுப் போகவே இல்லை. 1982, 1986 இரண்டிலும் இறுதிப் போட்டியில் தோற்ற அணியில் இருந்தவர், 1990ல் ரோமில் அர்ஜென்டினாவை வென்றபோது கடைசி வரை களத்தில் நின்றார். நாட்டுக்காக 73 ஆட்டம், 18 கோல். கூட ஆடிய ஃபோலர், க்ளின்ஸ்மன் ரெண்டு பேரும் பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்கள். இவர் மட்டும் ஜப்பான், ஆஸ்திரேலியா என்று ஒதுங்கிவிட்டாரே, ஏன்?

கொலோன் ரசிகன்:
ஒதுங்கினார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆடுவதற்காகவே 1993ல், ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கிய வருஷம், ஜெஃப் யுனைடெட் கிளப்புக்குப் போனவர் அவர், அங்கே அவருக்குப் பெரிய மரியாதை. அப்புறம் 1998ல் யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் என்ற கிளப்பை, பணம் போட்டவர்களில் ஒரு நிறுவனம் விலகியதும், அதே ஊரின் இன்னொரு கிளப்பான மரினோஸுடன் இணைத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். ஃப்ளூகல்ஸ் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் போய், 1999 ஜனவரி 1 அன்று ஜப்பானின் எம்பரர்ஸ் கோப்பையை ஜெயித்தது. கோப்பையைத் தூக்கிய அன்றோடு கிளப்பே இல்லை. நினைத்துப் பாருங்கள். மரினோஸை ஆதரிக்க மனசு வராத ரசிகர்கள் கையிலிருந்த காசைப் போட்டு யோகோஹாமா எஃப்சி என்று புதுசாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள், அதன் முதல் பயிற்சியாளர் லிட்பார்ஸ்கிதான். ஜே லீக்குக்குக் கீழே இருந்த ஜேஎஃப்எல்லில் 1999, 2000 ரெண்டு வருஷமும் சாம்பியன், 2001ல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியாயிற்று. ஏற்கெனவே எல்லாம் இருக்கிற கிளப்பில் கோப்பை வாங்குவதைவிட இது எனக்கு ஒரு படி மேல்.

தென்கரை:
மைதானவாசி, அந்த செவில்லா ஆட்டம் சமநிலையில் முடிந்ததும் அடித்த பெனால்டிகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஜெர்மனியின் ஷ்டீலிகே தவறவிட்டுத் தரையில் விழுந்து அழுகிறார், லிட்பார்ஸ்கி அவரை அணைத்துக்கொண்டு நிற்கிறார், கேமரா அவர்கள் மேலேயே இருக்கிறது. அடுத்து பிரான்ஸின் வீரர் சிக்ஸ் அடித்ததை ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாகர் தடுத்தது நேரலையில் தெரியவே இல்லை, லிட்பார்ஸ்கி துள்ளிக் குதித்ததை வைத்துத்தான் ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். அடுத்த பெனால்டி அவருடையது, போய் அமைதியாக அடித்துவிட்டு வந்தார். உடைந்துபோனவன் பக்கத்தில் நிற்கத் தெரிந்த ஆள். யோகோஹாமா ரசிகர்களுக்கு அப்படி ஒருவர்தான் அப்போது தேவைப்பட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைதானவாசி:
ஐயோ, குதித்ததைப் பார்த்தேன், காரணம் புரியாமல் ரீப்ளே வரும் வரை முழித்தேன்! ஃப்ளூகல்ஸ் கதை எனக்குப் புதுசு. சரி, ஜெர்மனியில் அவருக்கு வாய்ப்பே வரவில்லையா?

கொலோன் ரசிகன்:
வந்தது. லெவர்குசனில் பயிற்சியாளர் ஃபோக்ட்ஸுக்கு உதவியாளராக இருந்தார், பிறகு இரண்டாம் டிவிஷனில் டூயிஸ்பர்க் கிளப்புக்குப் பயிற்சியாளர், அது நீடிக்கவில்லை. 2011ல் வுல்ஃப்ஸ்பர்கில் பயிற்சியாளர் மெக்லாரன் போனபிறகு சில வாரம் தற்காலிகப் பொறுப்பு, உடனே மாகத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் பயத்தில் இருக்கிற கிளப்பில் சில வாரத்தை வைத்து ஒருவரை எடை போடுவது நியாயமே இல்லை.

நீலச்சட்டை:
அவர் பயிற்சி கொடுத்த சிட்னி எஃப்சியை யாரும் சொல்லவில்லையே? ஆஸ்திரேலியாவின் ஏ லீக் தொடங்கிய முதல் சீசன், முன்பு மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய ட்வைட் யோர்க் அணியில் இருந்தார், 2006 மார்ச் 5 இறுதிப் போட்டியில் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸை 1-0, கோல் ஸ்டீவ் கோரிகா. அதற்கு முன்னால் 2005ல் ஓஷியானியா கிளப் கோப்பையும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஜெயித்த கையோடு புது ஒப்பந்தம் படியாமல் கிளம்பிவிட்டார், எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். இன்னும் ரெண்டு சீசன் இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே நீங்கள் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள்.