‘கேஷ்’ நம்ம காசிலிருந்து போனதா?

மதுரைக்காரன்:
ஆங்கிலேயன் பணத்துக்குச் சொல்கிற ‘கேஷ்’ நம்ம காசுதான். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் காசு இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனபோது இது மட்டும் போகாதா?

அகராதிப்புழு:
போனது சார், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ரொக்கம் என்கிற கேஷ், பிரெஞ்சு அல்லது இத்தாலிய மொழி வழியாக வந்தது. மூலம் லத்தீன் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. முதலில் பணப்பெட்டியையும் அது குறித்தது. பாரிஸ் கடைகளில் பணம் கட்டும் இடம் இன்றும் ‘கெஸ்’தான். கேஷியரும் அந்தப் பெட்டிக்காரர்தான்.

மதுரைக்காரன்:
அகராதி எழுதியது வெள்ளைக்காரன். அவனுக்கு எதைத் தொட்டாலும் லத்தீன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே வந்து காசை எண்ணிப் பழகித்தான் அந்தச் சொல்லைக் கொண்டு போயிருப்பான்.

அகராதிப்புழு:
கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31. 1599 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், கடனைக் கேஷாகத் தருகிறேன் என்று ஒருவன் சொல்கிறான். கம்பெனி பிறப்பதற்கு முன்பே லண்டன் மேடையில் புழங்கிய சொல்லை அது எப்படிக் கொண்டு போகும்?

மதுரைக்காரன்:
போர்த்துகீசியன் 1498லேயே வந்துவிட்டான். அவன் மூலமாகப் போயிருக்கலாமே?

அகராதிப்புழு:
அங்கேதான் இரண்டாவது கேஷ் வருகிறது. அது சில்லறை நாணயத்தின் பெயர். நம்ம காசைப் போர்த்துகீசியர் ‘கைஷா’ ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’தான். பழகிய சொல்லோடு புதியது ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ என்றார்கள். சீனாவின் சதுர ஓட்டை போட்ட நாணயத்தையும் ஆங்கிலத்தில் இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

நாணயப்பித்தன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த இரண்டாவது கேஷ் என் மேஜையில் கிடக்கிறது. 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயம். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்திலேயே ‘கேஷ்’. மதராசுக்காக பர்மிங்ஹாமில் அடித்தது. அப்போது 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்கிற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்கிற பொன் நாணயம் ஒன்று. இப்படிப்பட்ட நாணயங்களை டன் கணக்கில் ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளியெடுத்தார்கள். சேகரிப்பவர்கள் கையில் இருப்பதில் பல அந்தச் சரக்குதான்.

மதுரைக்காரன்:
பாருங்கள், நாணயத்திலேயே அடித்திருக்கிறான்! இதற்கு மேல் என்ன ஆதாரம்?

அகராதிப்புழு:
அது நாணயத்தின் பெயருக்கு ஆதாரம். ரொக்கத்துக்கு இல்லை. சீன நாணயத்துக்கே தமிழ்ப் பெயர் என்று சொன்னேன், அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பாரிஸ் பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்கிறோம்.

மதுரைக்காரன்:
சீனாக்காரன் கதை சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயல் என்றால் நான் நம்ப மாட்டேன்.

நாணயப்பித்தன்:
நீங்கள் பேசி முடியுங்கள். யாரிடமாவது பத்து காசு செப்பு நாணயம் தேய்மானம் இல்லாமல் இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள்.