பட்ஸ், ஹெட்போன்: காதில் உட்காருவது, நன்றாகக் கேட்பது, ஏன் கெட்டுப்போகிறது

கோடம்பாக்கம் ஒலிப்பதிவாளர்

எங்கே கேட்டாலும் ஒரே புகார்: "புது பட்ஸ், பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி கேட்குது." பெரும்பாலும் கோளாறு பட்ஸில் இல்லை, முனையில் மாட்டியிருக்கும் ரப்பரில்தான். காதுத் துளையை ரப்பர் முழுக்க அடைத்தால்தான், உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றை ஒலி எழுப்பும் அந்தச் சின்ன டிரைவரால் அழுத்த முடியும். எங்காவது சந்து இருந்தால் கீழ் ஒலிதான் முதலில் கசியும். குரலும் ஜால்ராவும் மிஞ்சும், தவிலும் பேஸ் கிட்டாரும் காணாமல் போகும். ஈக்வலைசரில் (கீழ், மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) கை வைக்கும் முன் ரப்பரை மாற்றிப் பாருங்கள்.

பெட்டியில் வழக்கமாக மூன்று சைஸ் இருக்கும், நடுவில் உள்ளதை மாட்டி அனுப்புவார்கள். பெரிய சைஸிலிருந்து ஆரம்பியுங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். லேசாகத் திருகியபடி பட்ஸை உள்ளே விட்டு மடலை விடுங்கள். பாட்டு போடாமல் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைப்பு சரியாக இருந்தால் உங்கள் குரல் மண்டைக்குள் கனமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து கேட்டால் அந்தப் பக்கம் சந்து இருக்கிறது.

அடுத்து சாப்பாடு மெல்லுகிற மாதிரி தாடையை இருபது தடவை அசையுங்கள். தாடை அசையும்போது துளையின் வடிவமே மாறும். அதில் நழுவினால் அந்த சைஸ் வேண்டாம். கடைசியாக அரை மணி நேரம் காதிலேயே இருக்கட்டும். வலி எங்கே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துளைக்குள் வலித்தால் ரப்பர் பெரிது, ஒரு சைஸ் இறங்குங்கள். வெளியே மடலின் குழிவில், மேட்டில் இடித்து வலித்தால் பட்ஸின் உடலே உங்கள் காதுக்குப் பெரிது. எந்த ரப்பர் போட்டாலும் அது தீராது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தி.நகர் வாசகி

சார், இரண்டு காதுக்கும் வேறு வேறு சைஸ் போடலாமா?

கோடம்பாக்கம் ஒலிப்பதிவாளர்

தாராளமாகப் போடலாம், மேடம். இரண்டு துளையும் ஒரே அளவில் இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. எந்த சைஸும் நிற்கவில்லை என்றால் ஃபோம் ரப்பருக்குப் போங்கள். விரலால் உருட்டிச் சுருக்கி, துளைக்குள் விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சிலிக்கானைவிட நன்றாக அடைக்கும், மேல் ஒலியின் கூர்மையையும் கொஞ்சம் குறைக்கும். நம்ம ஊர் வியர்வையில் சில மாதத்தில் தொய்ந்துவிடும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். வாங்கும் முன் பட்ஸின் மூக்குக் குழாய் விட்டத்தைப் பாருங்கள். குழாய் பெரிதாக இருந்தால் ஃபோம் கிழியும், சிறிதாக இருந்தால் ரப்பர் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

ரிச்சி தெரு சர்வீஸ்

அண்ணன் சொன்ன ஃபோம் ரப்பர் விஷயத்தில் ஒன்று சேர்க்கணும். வெளியில் வாங்கும் ரப்பர் பெட்டியோடு வந்ததைவிட நீளமாக இருந்தால் பட்ஸ் அதன் சார்ஜ் டப்பாவான கேஸில் முழுசாக உட்காராது. பார்க்க மூடி மூடும், ஆனால் கேஸுக்குள் இருக்கும் உலோகப் பின் பட்ஸைத் தொடாது, சார்ஜ் ஏறாது. இதன் அடையாளம் என்னவென்றால், கேஸை மூடிய பிறகும் அந்த ஒரு பக்கம் போனோடு இணைந்தே இருக்கும். போன் வந்தால் பேச்சு கேஸுக்குள் கேட்கும். "பேட்டரி போச்சு" என்று கொண்டுவரும் பட்ஸில் இப்படி வருவது நிறைய. பழைய ரப்பரை மாட்டி ஒரு மணி நேரம் கேஸில் வைத்துப் பாருங்கள்.

ரப்பர் காரணம் இல்லையென்றால் அழுக்கு. வியர்வை உப்பும் காதுப் பிசுக்கும் சார்ஜ் ஏறும் செம்பு நிறப் புள்ளிகளில் படிந்து மெல்லிய படலமாகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பட்டும் படாமலும் நனைத்த பஞ்சுக் குச்சியால் பட்ஸின் புள்ளிகளையும் கேஸின் பின்களையும் துடையுங்கள். பின்கள் ஸ்பிரிங்கில் நிற்பவை, ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தி மேலே வருகிறதா என்று பாருங்கள். ஊசி, பிளேடு வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் பச்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம் சவுண்டு கம்மி என்றால் முதல் சந்தேகம் வலையில் அடைத்த காதுக் குரும்பி. ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்கிற மாதிரி பட்ஸைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பல் பிரஷால் தட்டித் தட்டித் தேயுங்கள். மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் குரும்பி வலையைத் தாண்டி டிரைவர் மேலேயே விழும். வாயால் ஊதினாலும் அதேதான், கூடவே எச்சில் ஈரமும் போகும். சுவரில் படம் ஒட்டும் பசை உருண்டையை வலை மேல் ஒற்றி எடுத்தால் மீதியும் வரும். பசையை அமுக்கி உள்ளே திணிக்காதீர்கள்.

வலை சுத்தமாக இருந்தும் ஒரு பக்கம் பேஸ் மட்டும் குறைந்தால் பட்ஸின் உடலில் குண்டூசி முனை அளவு ஒரு காற்றுத் துளை இருக்கும், அதைப் பாருங்கள். வியர்வைத் துளி அதை மூடினால் டிரைவர் தாள் சுதந்திரமாக அசையாது. ஈரம் காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். அரிசியில் புதைக்காதீர்கள், தவிடு துளைக்குள் போகும். ஹேர் டிரையர் காட்டினால் பசை இளகும்.

பெட்டியில் போட்டிருக்கும் நீர்த்தடுப்பு மதிப்பு ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்தும் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இரண்டும் நல்ல தண்ணீரில் சோதித்தவை. உப்பு வியர்வைக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அந்த வாக்குறுதி செல்லாது. முக்கியமாக, பல மாடல்களில் அந்த மதிப்பு பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்குக் கிடையாது. மழையில் நனைந்த பட்ஸைத் துடைக்காமல் கேஸில் போடுவதுதான் கேஸ் போர்டு போவதற்குப் பெரிய காரணம்.

பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்ஸில் இருப்பது ஏறக்குறைய 40 முதல் 60 எம்ஏஎச் செல். சின்ன செல் என்பதால் வயதாவது சீக்கிரம் தெரியும். பேச எப்போதும் வலது பக்கத்தை மட்டும் போடுகிறவர்களுக்கு வலதுதான் முதலில் சாகும். மாற்றி மாற்றிப் போடுங்கள். மத்தியான வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கேஸை வைப்பது செல்லுக்கு விஷம். நிறைய பட்ஸ் பசை போட்டு ஒட்டியவை. பிரித்து செல் மாற்றிக் கொடுக்க முடியும், ஆனால் பழைய நீர்த்தடுப்பு திரும்ப வராது. இதை முன்கூட்டியே சொல்லும் கடையில் மட்டும் கொடுங்கள்.

நங்கநல்லூர் கச்சேரி ரசிகர்

கடையில் காதில் வைத்ததும் ஓட விடுகிற பாட்டு பேஸ் அதிரும் குத்துப் பாட்டாகவே இருக்கும். அதில் எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் கேட்கும். உங்கள் போனில் நீங்கள் பலமுறை கேட்ட மூன்று பதிவுகளை டவுன்லோடு செய்து எடுத்துப் போங்கள்.

ஒன்று, மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனம். வலந்தலையின் (வலது பக்கம்) மீட்டும், தொப்பியின் (இடது பக்கம்) கும்கி என்ற கீழ் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்க வேண்டும். தொப்பி ஒலி "கும்" என்று ஆரம்பித்து முடிகிற இடம் தெரிய வேண்டும். அது குழைந்து அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டால் பேஸ் நடுவில் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், அந்த வீக்கம் ஆண் குரலையும் மூடும். இரண்டு, தம்புரா மட்டும் பின்னால் ஒலிக்கும் ஆலாபனை. தம்புராவின் ரீங்காரம் குரலுக்குப் பின்னால் இடைவிடாமல் கேட்டால் நுணுக்கம் நன்றாக இருக்கிறது. மூன்று, பெண் குரல் பாட்டு, ச, ஸ நிறைய வரும் வரிகள். அந்த எழுத்துகள் ஊசியாகக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் அது பெரிதாகத் தெரியாது, ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும்.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சவுண்டு அளவைச் சமமாக்குங்கள். இது மிக மிக முக்கியம். ஒன்று இம்மி அளவு சத்தமாக இருந்தால் அதுதான் உயர்ந்தது என்று காது ஏமாறும்.

தரமணி ஐடி ஊழியர்

மீட்டிங்கில் சேர்ந்தவுடன் சவுண்டு கிணற்றுக்குள் போன மாதிரி ஆகிறது என்று பலர் பட்ஸைத் திருப்பித் தருகிறார்கள். பட்ஸ் கெட்டுப்போகவில்லை. பாட்டு கேட்கும்போது புளூடூத் ஸ்டீரியோ வழியில் வேலை செய்கிறது. மைக்கைத் திறந்தவுடன் போன் பேசும் வழிக்கு மாறுகிறது, அதில் ஒலி ஒற்றை (மோனோ), அதுவும் பெரும்பாலும் நொடிக்கு 8 ஆயிரம் அல்லது 16 ஆயிரம் மாதிரிகளாகத்தான் ஒலி போகும், அதனால் மங்கும். தீர்வு எளிது: மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கருக்கு பட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

கோடெக் (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் போனைப் பாருங்கள். ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். எல்டாக் என்ற கோடெக் உள்ள பட்ஸ் வாங்கினாலும் அது ஐபோனில் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் எல்டாக் 330, 660, 990 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என மூன்று படியில் ஓடும். ஆலந்தூர் மெட்ரோ மாதிரி கூட்டமான இடத்தில் 990-ஐப் பூட்டி வைத்தால் விட்டு விட்டுக் கேட்கும், 660-க்கு இறக்குங்கள்.

ஜாக் இல்லாத போனுக்கு டைப்-சி அடாப்டர் வாங்கும்போது, உள்ளே டாக் சிப் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்குவது) இருக்கிறதா என்று கேளுங்கள். சிப் இல்லாத வெறும் ஒயர் அடாப்டர் சில போனில் மட்டும் வேலை செய்யும், மற்றதில் ஒன்றுமே கேட்காது. ஹெட்போனின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கும் இங்கேதான் வரும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. 250-ஐ போனில் சொருகினால் முழு வால்யூமிலும் மெலிந்தே கேட்கும். போனுக்கென்றால் 32 எடுங்கள்.

பெரம்பூர் மின்ரயில் பயணி

தலையில் மாட்டும் ஹெட்போன் பற்றி. பியூ லெதர் (செயற்கைத் தோல்) குஷன் சென்னை ஈரத்தில் இரண்டொரு வருஷத்தில் கருப்புப் பொடியாக உதிரும். ஈரம் அந்த மேல்பூச்சையே சிதைக்கிறது, துடைத்தால் நிற்காது. குஷன் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக வாங்குங்கள். காதின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, குஷனின் உள்துளை அதைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். மடல் குஷனுக்கு அடியில் மாட்டினால் அரை மணியில் எரியும். துணிக் குஷன் குளிர்ச்சி, ஆனால் காற்று விடும், பேஸ் குறையும்.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். தடித்த பிரேம் காம்பு குஷனுக்கு அடியில் சந்து விடும், காதின் மேல் பொட்டும் வலிக்கும். பிடி இறுக்கமாக இருந்தால், எஃகுப் பட்டை உள்ளதைத் தலை அகலத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் மேல் ஒரு ராத்திரி மாட்டி வையுங்கள். முழுக்க பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

இரைச்சல் நீக்கம் சீரான கீழ் ஒலிக்குத்தான்: மின்ரயிலின் உறுமல், ஏசி, ஃபேன். ஹாரனும் பக்கத்து சீட்டுப் பேச்சும் குறையுமே தவிர போகாது.

காது சோதனை மையத்தில் பணிபுரிபவர்

இங்கே சொல்லிய அடைப்பு விஷயம் காதின் ஆயுளையும் சேர்த்தது. அடைப்பு சரியில்லாதவர்கள் ரயில் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. போனின் உடல்நலச் செயலியிலோ ஒலி அமைப்பிலோ இந்த எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். கேட்டு முடித்ததும் காதில் "ங்ங்" என்று இரைந்தால் அந்த அளவு உங்களுக்கு அதிகம்.

குளித்துவிட்டு ஈரக் காதோடு பட்ஸ் போடாதீர்கள். துளைக்குள் சூடும் ஈரமும் அடைபட்டால் பூஞ்சை வளரும். அரிப்பு, அடைத்த உணர்வு, சாம்பல் நிறக் கசிவு வந்தால் பட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எண்ணெய் விடாதீர்கள். ரப்பரை வாரம் ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இன்னொருவர் பட்ஸை வாங்கிப் போடவே வேண்டாம்.

ரிச்சி தெரு சர்வீஸ்

தம்பிகள் பலர் ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கீங்க. வயர்லெஸ் பட்ஸ் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும், அதைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், தயாரிப்பாளர் பெயரும் பொருளும் பெட்டியோடு பொருந்த வேண்டும். சீரியல் எண் பெட்டியிலும் கேஸிலும் ஒன்றாக இருக்கணும். அந்த எண் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், எண் இல்லாத பில்லை வைத்து வாரண்டி கேட்டால் நிறைய இடத்தில் வாதம்தான். கடையை விட்டு இறங்கும் முன் இடது, வலது இரண்டிலும் தனித்தனியாகப் பாட்டு, தனித்தனியாக மைக், கேஸில் வைத்தால் சார்ஜ் விளக்கு எரிகிறதா, எல்லாம் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.