மறுமொழி: ரிஸ்க் வேரியன்ட் – ‘இடர்த்திரிபு’ எனலாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். முதுகெலும்பு இடைத்தட்டுத் (டிஸ்க்) தேய்வு பற்றிய கட்டுரைக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலைப் படித்தேன். நோயாளிகள் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சவ்வு வேறொரு பொருளில் நிலைத்துவிட்டதால் ‘இடைத்தட்டு’ இருக்கட்டும். ‘ரிஸ்க் வேரியன்ட்’ (ஒரு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடு) என்பதற்கு ‘நோய்மரபணு’ என்று போட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, மரபணு எல்லோரிடமும் உண்டு. ஆளுக்கு ஆள் வேறுபடுவது அதிலுள்ள வேதியெழுத்து. இரண்டாவது, ‘நோய்’ என்ற அடைமொழி. கொலாஜன் 9 புரதத்தின் ஒரு சங்கிலியில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டிரிப்டோஃபான் என்ற வேறோர் அமினோ அமிலம் இருப்பதைப் பின்லாந்தில் கண்டறிந்து 1999-இல் வெளியிட்டார்கள். இடைத்தட்டுப் பிதுக்கத்தால் காலுக்கு வலி இறங்கிய 157 பேரில் 6 பேரிடம் அது இருந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்த 174 பேரில் ஒருவரிடமும் இல்லை. செய்தி அத்தோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஹாங்காங்கில் தென்சீனர்களிடம் தேடியபோது சுமார் 20% பேரிடம் அதே மாற்றம் இருந்தது! அவர்களுக்குத் தேய்வுக்கான வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். அதற்காக ஐந்தில் ஒருவர் பிறவியிலேயே சுமக்கும் ஒன்றுக்கு நோய் என்று பெயரிடுவதா? ஸ்கேனில் தட்டு தேய்ந்து தெரிந்தும் வலியே அறியாதவர்கள் ஏராளம்.

‘திரிபு’ என்றால் திரித்துக் கூறுவது போலத் தொனிக்கிறது என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நம் இலக்கணம் அப்படிப் பார்க்கவில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகும்போது ‘ன்’ திரிந்து ‘ற்’ ஆகிறது, எதுவும் பழுதாவதில்லை. ஜப்பானியர் 2005-இல் அறிவித்த மாற்றமும் இத்தகையதே. குருத்தெலும்புப் புரதம் ஒன்றின் மரபணுவில் தைமின் என்ற எழுத்து நின்ற ஓரிடத்தில் சைட்டோசின் என்ற எழுத்து. அதனால் புரதத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் திரியோனினாகிறது. (தோன்றலும் கெடுதலும்கூட மரபணுவில் உண்டு. ஆனால் ‘கெடுதல்’ இன்று தீமையையே குறிப்பதால் அங்கே ‘நீக்கம்’தான் வேண்டும்.) கொரோனாக் காலத்துக்குப் பிறகு ‘திரிபு’ செய்தித்தாள் வாசகருக்கும் பழகிய சொல்.

முன்னொட்டாக ‘இடர்’ போதும். ‘ஏதுத்திரிபு’ என்றும் வைக்கலாம்; அழகான சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் ஏது என்றதும் காரணம் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. ஆஸ்திரேலிய, பிரிட்டன் இரட்டையர்களை வைத்துச் செய்த 1999 ஆய்வு, கீழ்முதுகுத் தட்டுத் தேய்வில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 74% மரபுவழி என்றது. அது பல மரபணுக்களின் கூட்டுக்கணக்கு. தனித்தனியே எடுத்தால் பெரும்பாலான திரிபுகளின் பங்கு சிறியதுதான். தனியொரு திரிபைக் காரணம் என்று சொல்ல முடியாது. வாய்ப்பைக் கூட்டுவது என்று சொல்லலாம்.

சோதனைக் கூடத்தின் அறிக்கையில் வைத்துப் பாருங்கள். ‘உங்களிடம் நோய்மரபணு இருக்கிறது’ என்று படிக்கும் முப்பது வயதுக்காரர் அன்றைக்கே வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பார். ‘உங்களிடம் ஓர் இடர்த்திரிபு இருக்கிறது’ என்று படித்தால், எவ்வளவு இடர் என்று மருத்துவரிடம் கேட்பார்.

வாய்ப்பைக் குறைக்கும் திரிபுகளும் இருப்பதால் அவற்றுக்குக் ‘காப்புத்திரிபு’ என்று வைக்கலாம். பட்டியலிலுள்ள ‘பல்லுருத்தன்மை’ (பாலிமார்ஃபிசம்), ‘மாற்றுரு’ (அல்லீல்) இரண்டையும் தொட வேண்டாம். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் குழுவிலுள்ள எலும்பு மருத்துவர்களின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்