விமான முதல் வகுப்பில் நெடுந்தூரம்: மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள் பகிர்ந்தவை

மூன்றாவது டிவிஷன்:

கோலாலம்பூரிலிருந்து லண்டன், இரவு விமானம். மலேசியா ஏர்லைன்ஸ் ஏ380 ரகத்தை அந்த வழியில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். முதல் வகுப்பில் மொத்தமே 8 இருக்கைகள். டிக்கெட் கம்பெனி எடுத்துக் கொடுத்தது. சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி), கட்டில், பைஜாமா எல்லாம் இங்கே பலரும் அறிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கதவு மூடுவதற்குள் அம்மாவுக்குப் போன் செய்து, ஏறி உட்கார்ந்துவிட்டேன், மாத்திரையை மறக்காதே என்று சொல்லி முடித்தேன். நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். எண்பதைத் தாண்டியிருப்பார். என் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டார்: "எந்தத் தோட்டம்?"

எந்த ஊர் என்று கேட்கவில்லை. கோட்டு போட்டுக்கொண்டு லண்டனில் ஒரு கூட்டத்துக்குப் போகிறவனிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். நானும் யோசிக்காமல் எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெயர், அதன் பிரிவான டிவிஷனின் எண் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 1950களில் நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னத் துரையாக, அதாவது துணை மேலாளராக, இருந்தாராம். அந்தக் காலத்தில் துரைமார்களுக்குத் தமிழ்ப் பரீட்சை இருந்தது. அப்படிக் கற்ற தமிழ், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அழியவில்லை.

சாப்பாடு வந்தது, போனது, அவர் பேசிக்கொண்டே இருந்தார். எந்த வேலைக்காடு எந்த வருடம் நட்டது, எந்த மேட்டில் பால் நன்றாக இறங்கும், எந்தப் பாலம் வெள்ளத்தில் போனது, ஒன்றையும் விடவில்லை. என் அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். மரம் சீவினார் என்றேன். எந்தக் காட்டில்? ஆற்றோரத்துக் காட்டில் என்றேன். "நல்ல மரங்கள்" என்றார்.

அப்போதுதான் கேட்டேன்: "வேலை செய்தவர்களில் யாருடைய பெயராவது நினைவிருக்கிறதா?" கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே தேடினார், கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய அசையத் தேடினார். கடைசியில் இரண்டு பெயர்கள் சொன்னார். ஒன்று பங்களாவில் சமைத்தவருடையது. மற்றது அவர் வளர்த்த நாயினுடையது.

பிறகு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். இறங்கும்போது என் கையைப் பிடித்து, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். அம்மாவிடம் நான் இதுவரை வாய் திறக்கவில்லை.

ரயிலடி அக்கா:

தம்பி, முதலில் அம்மாவிடம் போய்ச் சொல். அந்தக் காலத்து மனிதர்களுக்கு நாம் நினைப்பதைவிட நெஞ்சுரம் அதிகம். ஒருவேளை அந்தத் துரையை அம்மாவுக்கே தெரிந்திருக்கும்.

என் கதையும் அம்மா கதைதான். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அம்மா முழங்கால் வலியோடு வருகிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் எமிரேட்ஸில் முதல் வகுப்பு எடுத்து அனுப்பினான். துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் அந்தப் பெரிய விமானத்தில் ஏறக்குறைய 16 மணி நேரம். மேல் தட்டில் 14 அறைகள், இரண்டு குளியலறைகள். ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்ணீர் வரும், எவ்வளவு மீதி என்று சுவரில் விளக்கு காட்டும். இதெல்லாம் இப்போது எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

அம்மாவை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்றேன். அவள் பிறந்து வளர்ந்தது லயத்தில். ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரு குழாய். விடியுமுன் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விட வேண்டும். தண்ணீரை ஒருத்தி கூடுதலாகப் பிடித்தால் அன்று முழுக்கச் சண்டை. அப்படிப்பட்டவள் ஆகாயத்தில் குளிக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

சீக்கிரமே கதவு திறந்தது. தலைமுடியிலிருந்து சொட்டச் சொட்ட வந்து நின்றாள். வாசலில் துண்டோடு நின்ற பணிப்பெண்ணைப் பார்த்து, தமிழிலேயே, "பாதித் தண்ணீர் அப்படியே இருக்கிறது, பின்னால் வருகிற பிள்ளை குளிக்கட்டும்" என்றாள். அடுத்தவருக்கு அவருடைய பங்கு தனியாக உண்டு என்று நான் விளக்கினேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே விமானம், ஒரே தொட்டி. எங்கிருந்து தனியாக வரும்?" என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தவறு? அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிராணி வீட்டுப் பிள்ளை:

அக்கா, உங்கள் தாயாருக்கு என் வணக்கம். ஆனால் மூன்றாவது டிவிஷன் தம்பி எழுதியதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தம்பி, அந்தத் துரைக்குப் பெயர்கள் நினைவில்லை என்று எழுதினீர்கள். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் வாசித்தது துரை இல்லை, தோட்டத்துக் கணக்கரான கிராணி. என் அப்பா அந்த வேலையைப் பார்த்தவர், அதனால் சொல்கிறேன். துரை பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். இன்னொன்று, 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் துரைமார்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டது நம் சுங்கை சிப்புட்டில்தான். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதற்கு நடுவில் வந்திறங்கிய சின்னத் துரைகள் துப்பாக்கியும் காவலுமாக இருந்த இளைஞர்கள். யாரோடும் நெருங்கிப் பழக அவர்களுக்குத் தைரியமும் இல்லை, அனுமதியும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு கிழவரிடம் பெயர் கேட்பது நியாயமா என்று எண்ணிப் பாருங்கள்.

என் அனுபவம் சிறியது. சேர்த்து வைத்த மைல் புள்ளிகளில் துபாயிலிருந்து ஆக்லாந்துக்கு ஒருமுறை முதல் வகுப்பில் போனேன். 14,000 கிலோமீட்டருக்கு மேல். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அந்தப் பணிப்பெண் எல்லாப் பயணிகளையும் பெயர் சொல்லி அழைத்தார். என் பெயரின் நீளத்தைப் பார்த்து நம் நாட்டு அலுவலகங்களிலேயே பாதியில் நிறுத்திவிடுவார்கள். அவர் முழுதாக, திருத்தமாகச் சொன்னார். அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. காலைப் பசியாறலின்போது மறுபடியும் சொன்னார். எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. ஆட்களின் பதிவேடான செக்ரோல் புத்தகத்தைத் திறக்காமலேயே தோட்டத்தில் உள்ள அத்தனை பேரையும், அவர்கள் பிள்ளைகளையும், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதையும் சொல்வார். அவரை எந்த விமானத்திலும் எந்த வகுப்பிலும் ஏற்ற எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மூன்றாவது டிவிஷன்:

அண்ணே, உங்கள் அப்பாவைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், நல்ல மனிதர். ஆனால் அவசரகாலத்தில் கம்பிவேலி பங்களாவுக்கு மட்டும் போடவில்லை, லயத்தைச் சுற்றியும் போட்டார்கள். என் அப்பாவும் அந்த வேலிக்குள்தான் இருந்தார். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். மரத்தை நினைவு வைத்தவருக்கு, அந்த மரத்தடியில் தினம் நின்ற ஆளை நினைவு வைக்க முடியவில்லையே என்பதுதான் என் கேள்வி. அதற்கு வயதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி:

நான் முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்தவள் இல்லை. ஆனால் உள்ளே போயிருக்கிறேன். லண்டனில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடு இரவில் விளக்கைப் போட்டு, மருத்துவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். திரைச்சீலைகளைத் தாண்டித் தாண்டி முன்னால் கூட்டிப் போனார்கள். கட்டிலில் ஒரு பெரியவர், வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. இரத்தத்தில் இனிப்பு இறங்கிவிட்டது. மாலையில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாடு வேண்டாம், தூங்கப் போகிறேன் என்று படுத்துவிட்டாராம். ஆரஞ்சுச் சாற்றில் சர்க்கரை கலந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். தெளிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கட்டில் ஓரத்தில் குந்தியபடி இருந்தேன். பிறகு நன்றி சொல்லி என்னை என் இருக்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். அவர் பிழைத்தாரா, இறங்கி நடந்து போனாரா என்று கடைசிவரை யாரும் வந்து சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கும் என்பதால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அடியில் அனுப்பாதீர்கள், அங்கே உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். ஊசி நேரத்தை நீங்களாகக் கணக்குப் போடாமல் புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகு ஊசி போடுவதே பாதுகாப்பு.

அடுத்தது கால். முதல் வகுப்பில் கட்டில் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, உட்கார்ந்திருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி. விழித்திருக்கும்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். முன்பே உறைந்த வரலாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள் இறுக்கமான காலுறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்காதீர்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது இரவு முழுக்க அந்த உச்சியில் படுத்திருப்பதற்குச் சமம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இலவசமாக வருகிறது என்று மதுவைக் குடித்துக்கொண்டே இருக்காமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். உங்களுக்குப் பணி செய்யத்தான் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

சைவம் மட்டும்:

நெடுந்தூரம் என்று தலைப்பு வைத்ததால் ஒரு விவரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடி விமானம் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. அதில் முதல் வகுப்பே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி, மொத்தம் 161 இருக்கைகள். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டும் என்பதால் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள்.

நான் முதல் வகுப்பில் போனது வேறொரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம். சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லி, உறுதிச் சீட்டும் கையில் வைத்திருந்தேன். அந்தச் சாப்பாட்டை விமானத்தில் ஏற்றவே இல்லை. வெள்ளை மேசைவிரிப்பு விரித்து, முத்துக் கைப்பிடிக் கரண்டி வைத்து, மீன் முட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எடுத்துவிடச் சொன்னேன். ரொட்டியும் பழமுமாகவே ஊர் சேர்ந்தேன். தாதி அம்மா சொல்வதுபோல் ஊசி போட்டுக்கொள்கிறவர் ஒருவருக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும்? புறப்படுவதற்கு முந்தைய நாள் மறுபடியும் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். கைப்பையில் இரண்டு சப்பாத்தி இருக்கட்டும்.

செப்பாங் தம்பி:

நான் பயணி இல்லை, எழுதலாமா என்று தெரியவில்லை. செப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்தில் விமானம் வந்து நின்றதும் உள்ளே ஏறிச் சுத்தம் செய்யும் வேலை. சுங்கை சிப்புட்டில் பிறந்தவன், அம்மா அப்பா இன்னும் அங்கேதான்.

முதல் வகுப்புக்கு எங்களில் அனுபவம் உள்ளவர்களைத்தான் விடுவார்கள். நேரம் மிகக் குறைவு. போர்வை, மெத்தை விரிப்பு, பிரிக்காத செருப்பு என்று வாரிப் பையில் போட்டுக்கொண்டே போக வேண்டும். போன மாதம் ஜன்னல் ஓர இருக்கை ஒன்றின் பிளவுக்குள் கைவிட்டபோது காகிதப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. பிரித்தால் விபூதி. மடித்த மடிப்பு நைந்து போயிருந்தது, பல நாள் சட்டைப்பையிலேயே இருந்திருக்க வேண்டும். உள்பக்கம் நம் பக்கத்துக் கோவில் ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது.

எத்தனையோ பொருள் எடுத்திருக்கிறேன், கைக்கடிகாரம், போன், பல்செட்டு. இது ஒன்றுதான் கையை நடுங்க வைத்தது. நம் ஆள் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் பறந்திருக்கிறார். மேற்பார்வையாளர் மலாய்க்காரர், என்ன என்று கேட்டார். சாமி கும்பிடும் பொருள் என்றேன். கையில் வாங்காமல், என்னையே பத்திரமாக மடிக்கச் சொல்லி, பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்துப் பிடித்தார். எண் எழுதி ஒட்டினார். கைக்கடிகாரத்துக்கு என்ன படிவமோ அதே படிவம்.

இங்கே எழுதுகிறவர்களில் யாராவது, அல்லது அவர்கள் வீட்டில் யாராவது, போன மாதம் முதல் வகுப்பில் வந்து இறங்கியிருந்தால், விமான நிலையத்தில் காணாமற்போன பொருள்களுக்கான அலுவலகத்தில் கேளுங்கள். காகிதத்தில் எந்தக் கோவில் பெயர் இருந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் நான் அதை இங்கே எழுதவில்லை.