மொட்டை மாடி ஒழுகல்: பூச்சா, வாட்டமா?

ஈரச்சுவர்:
18 வருடக் காங்கிரீட் தளம். மூன்று வருடத்துக்கு முன் அக்ரிலிக் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். இந்த மழையில் அறையின் மூலையில் மறுபடி ஓதம். மாடியில் பூச்சு கொப்பளம் கொப்பளமாக எழும்பி, நகத்தால் கீறினாலே தாளாக உரிகிறது. மேலே இன்னொரு கோட் போதுமா?

தூரிகை:
போதும். உரிவதைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமருக்கு மேல் ஃபைபர் வலை வைத்து அடியுங்கள். பூச்சு என்றாலே சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதுதான்.

ரசமட்டம்:
கோட் கணக்கை அப்புறம் பேசலாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் எங்கே நிற்கிறது? அக்ரிலிக் வெயிலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரில் நாள்கணக்கில் ஊறினால் இளகிவிடும். தண்ணீர் வடிய மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமாவது, அதாவது சரிவாவது, வேண்டும். அது இல்லாமல் அடிப்பது குளத்துக்குப் பெயின்ட் அடிப்பதுதான்.

தூரிகை:
வாட்டம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 10 செ.மீ. போட்டால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. பழைய தளம் சுமக்குமா? அந்த அடுக்குக்குள் தண்ணீர் புகுந்தால் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரசமட்டம்:
எடை விஷயம் சரிதான். மாடி முழுக்கப் போடச் சொல்லவில்லையே, பள்ளத்தை மட்டும் பாலிமர் கலவையால் ஏற்றினால் போதும். என் வீட்டில் வடிகுழாயின் வாய் தளத்தைவிட ஒரு விரல் கனம் மேலே இருந்தது. அதைச் சுற்றிக் காய்ந்த சேறு வட்டமாகப் படிந்திருக்கும், பூச்சு முதலில் உரிந்ததும் அந்த வட்டத்துக்குள்தான். வாயைக் கொத்தி இறக்கிய பிறகுதான் ஒழுகல் நின்றது.

தூரிகை:
கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்து விரிசலை எந்த வாட்டம் அடைக்கும்?

ரசமட்டம்:
அதை சிமென்ட் பாலும் அடைக்காது. 10 மீட்டர் தளம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 3 மி.மீ. நீளும், அதே அளவு சுருங்கும். கொத்தித் திறந்து பாலியூரித்தேன் சீலன்ட் வைக்க வேண்டும், அது ரப்பர் போல இழுபடும்.

ஈரச்சுவர்:
தண்ணீர் நிற்பது மாடியின் நடுவில். ஓதமோ மூலையில். எப்படி?

ரசமட்டம்:
நுழைந்த இடத்துக்கு நேர் கீழேதான் இறங்கும் என்று இல்லை. தளத்துக்குள் பதித்த மின்குழாய் வழியாகவும் ஓடும். விளக்கு மாட்டிய இடத்தில் ஈரம் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தூரிகை:
அடிப்பக்கம் பழுப்புக் கறை இருந்து, தட்டினால் பொத்தென்று கேட்டால் எங்கள் சண்டையே வீண். துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம், பொறியாளர்தான் பார்க்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு சோதனை: பூச்சைச் சுரண்டிய இடத்தில் 45 செ.மீ. சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள்.

ஈரச்சுவர்:
கறை இல்லை, ஓசையும் கெட்டியாகத்தான் இருக்கிறது. பாலித்தீனை இப்போதுதான் எடுத்தேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

தூரிகை:
அப்படியானால் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். ஈரத்தின் மேல் அடித்ததால்தான் போன தடவையும் கொப்பளித்திருக்கும். வெயிலில் காயட்டும், மறுபடி ஒட்டிப் பாருங்கள். காய்ந்ததும் கோட்தான், அதில் நான் மாறவில்லை.

ரசமட்டம்:
பள்ளத்தை ஏற்றிய பிறகு.